நாலு மணி நிழல்

திருடன் வந்துபோன வீட்டில் ஏதாவது குறைந்திருக்கும். அரியலூரில் செந்துறை ரோட்டுப் பக்கம் இருந்த கலையரசனின் வீட்டிலோ, வாராவாரம் ஒன்று கூடிக்கொண்டிருந்தது.

"இதோட அஞ்சு, மேடம்."

வீட்டின் பின்புறம் வற்றிக் கிடந்த நீச்சல் குளத்தின் தெற்குக் கரையைக் கலையரசன் காட்டினார். மதில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மண் பாத்தி. அதில் ஐந்து பூச்செடிகள்.

"புதன்கிழமைக்கு ஒண்ணு. நான் புதன்கிழமைதான் வேலையா திருச்சி போவேன். சாயங்காலம் திரும்பி வந்தா புதுசா ஒரு செடி நிக்குது."

அனுசுயா பாத்தியருகே குந்தி உட்கார்ந்தாள். நாற்பத்தேழு வயது. சப்-இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே மாடியில் ஒரு துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். அவளுடைய உதவியாளர் முத்தமிழ்செல்வனுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் வலி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அவருடைய வாய் மட்டும் இன்னும் ரன்னிங்கில்தான் இருந்தது.

"எவனா இருந்தாலும் பாவம், மேடம்," என்றார் செல்வன். "ஒண்ணும் எடுக்காம நட்டுட்டு நட்டுட்டுப் போறான். திருட்டுத் தொழில்ல இவ்வளவு நட்டத்துக்கு எவனும் வேலை பாத்ததில்ல."

கலையரசன் சிரிக்கவில்லை.

"எம் பொண்ணு இந்தக் குளத்துலதான் போனா," என்றார். "போன தை மாசம். இலக்கியா. ஒம்பது வயசு."

செல்வன் கட்டியிருந்த கைகளைத் தொங்கவிட்டார். "மன்னிச்சிக்குங்க சார். எனக்குத் தெரியாது."

"இந்தப் பாத்திகூட அவளுக்காகக் கொத்திப் போட்டதுதான். செடி வைக்கணும், செடி வைக்கணும்னு உசுர வாங்குனா. அதுக்குள்ள எல்லாம் நின்னு போச்சு. இப்ப எவனோ அவ செத்த எடத்துல பூச்செடி வச்சி வெளையாடுறான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். போலீஸ் வேணாம். போலீஸ அன்னைக்குப் பாத்ததே போதும்."

குளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி. அதில் ஒரு சின்ன கேட். தண்ணீர் இல்லாத குளத்துக்கு இப்போது பூட்டும் இல்லை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?" அனுசுயா கேட்டாள்.

"வூட்டு வேலைக்கு வீரம்மாள்னு ஒருத்தி இருந்தா. செந்துறைப் பக்கத்துக்காரி. அன்னைக்கு அவளுக்கு ஊர்ல ஏதோ விசேஷம். ஒரு மணி பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல இந்த கேட்டைப் பூட்டாமப் போயிட்டா. எம் வூட்டுக்காரி பூங்குழலி தலைவலின்னு படுத்திருந்தா. நான் ஊர்ல இல்ல. புள்ள உள்ள போயிருக்கு." அவர் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்தார். "அஞ்சு மணிக்குத்தான் பாத்திருக்காங்க."

அனுசுயா பாத்தியைப் பார்த்தாள். மேற்குக் கோடியில் செம்பருத்தி. அப்புறம் நாலடி வெறும் மண். அதற்கடுத்து இட்லிப்பூ, நந்தியாவட்டை. மறுபடியும் வெறும் மண். நடுவே கனகாம்பரம். கிழக்குக் கோடியில் அந்திமந்தாரை. மதிலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தின் நிழல் சரியாகக் கனகாம்பரத்தின் மேல் கிடந்தது. மணி பன்னிரண்டு.

மண்ணை விரலால் கிளறினாள். ஈரமாக இருந்தது. செடியின் வேரடி மண் மட்டும் சிவப்பு. அதிலிருந்து மெல்லிய, பளபளப்பான சருகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்க மேடம்?"

"வெங்காயத் தோல்."

"பூச்செடின்னு நெனைச்சேன். சாம்பாரே வைக்கிறாங்களா?" செல்வன் தணிந்த குரலில் சொன்னார்.

பின்மதிலில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதற்கு அப்பால் மக்காச்சோளக் காடு. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "இது எப்பவும் சாத்தித்தான் இருக்கும். சுவரேறித்தான் குதிக்கிறான்," என்றார் கலையரசன். தாழ்ப்பாள் முழுவதும் துரு. நடுவில் மட்டும் ஒரு விரலகலத்துக்குத் துரு உதிர்ந்து பளிச்சென்று இருந்தது. அனுசுயா அதைப் பார்த்தாள்.

அப்போது பூங்குழலி காபி கொண்டுவந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் பாத்தியின் பக்கமே பார்க்கவில்லை.

"நேத்து எல்லாத்தையும் பிடுங்கி எறியப் போனேன்," என்றார் கலையரசன். "இவதான் கையப் புடிச்சிக்கிட்டா. யாருன்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் பிடுங்குங்கன்னா."

பூங்குழலி காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குளத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்றின் திரை சற்று விலகி, மறுபடி மூடியது.

---

செல்வன் ஆம்னி வேனைப் பெரம்பலூர் ரோட்டில் திருப்பினார். முன்னால் போன லாரியின் சுண்ணாம்புப் புழுதி கண்ணாடியில் படிந்தது.

"எங்க போறோம்னு சொன்னா டிக்கெட் கிழிச்சிடுவேன், மேடம்."

"வேப்பந்தட்டை ரோடு. அரியலூர் மண்ணு வெளுப்பு. அந்த வேர்ல இருந்தது மலையடிவாரத்துச் செம்மண்ணு. அதுல வெங்காயத் தோல் கலந்திருக்குன்னா, வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறைக்குப் பக்கத்துல இருக்கிற நர்சரியாத்தான் இருக்கணும்."

"பெரம்பலூர் மாவட்டத்துல வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்துல இல்லாத எடம் எதுன்னு சொல்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"நர்சரிதான் கம்மி, செல்வன். அதத் தேடுவோம்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "நட்டவங்க வரிசையா நடல. எடம் விட்டு எடம் விட்டு நட்டிருக்காங்க. அப்படின்னா நடுவுல என்ன வரணும்னு அவங்களுக்குத் தெரியும். யாரோ போட்டுவச்ச படத்தப் பாத்து நடுறாங்க. உச்சி வெயில் தாங்காத கனகாம்பரம், உச்சி வேளையில நிழல் வுழுவுற எடத்துல நிக்குது. படம் போட்டவங்க அந்த மரத்து நிழல நாள் பூரா உக்காந்து பாத்திருக்கணும்."

"நிழலையா? அவ்வளவு நேரம் யாருக்கு மேடம் இருக்கு?"

அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கும் என்பது அனுசுயாவுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக விசாரித்த நர்சரிதான் சரியானது. பக்கத்துப் பட்டறையிலிருந்து காற்றில் பறந்து வந்த வெங்காயச் சருகுகள் தரையெங்கும் கிடந்தன. நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பெயர் பூங்காவனம்.

"நர்சரிக்காரம்மா பேரு பூங்காவனம்," செல்வன் முணுமுணுத்தார். "எங்க பஸ் மொதலாளி பேரு வாயுவேகம்னு இருந்திருந்தா நாங்களும் நேரத்துக்குப் போயிருப்போம்."

அனுசுயா ஐந்து செடிகளின் பெயரையும் சொன்னதும் பூங்காவனம் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள்.

"அந்தப் பொம்பளையா? புதன்கிழமை புதன்கிழமை வரும். ஒரே ஒரு செடிதான் வாங்கும். அத மடியில வச்சிக்கிட்டு பஸ் ஏறிடும். பேரு சொல்லாது. ஒரு நோட்டு வச்சிருக்கும், அதப் பாத்துத்தான் கேக்கும். அந்த நோட்டு எனக்குத் தெரியும்ங்க. அதுல பேரெல்லாம் எழுதுனதே நான்தான்."

"நீங்களா?"

"ஆமாங்க. தை மாசத்துக்கு முன்னாடி ஒரு வூட்டுக்காரம்மா புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. வேப்பந்தட்டைதான் அந்தம்மாவுக்குப் பொறந்த ஊராம். அந்தப் புள்ள இருக்கே..." பூங்காவனத்தின் முகம் மலர்ந்தது. "அம்மாவ கார்லயே உக்கார வச்சிட்டு அது மட்டும் எறங்கி வந்துச்சு. அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். குளத்தோரம் ஒரு பாத்தி போடணும், வருசம் பூரா எதாவது ஒரு கலர் பூத்துக்கிட்டே இருக்கணும், ஒரு தடவ வச்சா சாவாம நெலைச்சு நிக்கிற செடியா வேணும், எலை உதிர்ந்து தண்ணியில வுழக் கூடாது... அடேங்கப்பா! எதுக்கு சாமி இவ்வளவும்னு கேட்டேன். எங்கம்மாவுக்கு ஒத்தத் தலைவலி, எப்பவும் படுத்தே இருக்கும், ஜன்னல்ல பாத்தா வெறும் தண்ணிதான் தெரியும், அதான்னுச்சு."

செல்வன் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"எட்டு செடி எழுதிக் குடுத்தேன். எடத்தப் பாத்து வைக்கணும் கண்ணு, வைக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் பூரா நிழலப் பாரு, காலையில எட்டு மணிக்கு, பகல் பன்னெண்டுக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு, நிழல் எதுவரைக்கும் வருதுன்னு நோட்டுல கோடு போட்டு வச்சிக்கன்னு சொல்லி அனுப்புனேன். போட்டுச்சான்னு தெரியல. அதுவே வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன். பரீட்சையா? ஏன் வரல?"

அனுசுயாதான் சொன்னாள். எங்கே, எப்போது என்று மட்டும், சுருக்கமாக.

பூங்காவனம் அப்படியே கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. செல்வன்தான் போய் அடைத்தார்.

"நான்தானே போயிப் பாருன்னு சொன்னேன்," என்றாள் அவள். பிறகும் அதையே சொன்னாள்.

---

வேனுக்கு வந்ததும் செல்வன் பழைய சிநேகிதர்கள் மூன்று பேருக்குப் போன் போட்டார். வழக்கமான கேலி எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. மூன்றாவது கண்டக்டர் உடனே சொல்லிவிட்டார். புதன்கிழமை செடியோடு அரியலூரில் இறங்குகிற பெண், சாயங்காலம் வெறுங்கையோடு செந்துறை பஸ்ஸில் ஏறுவாள். செந்துறைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்குவாள்.

"வீரம்மாள்," என்றார் செல்வன். "புள்ள போன கோவத்துல அந்தாளு இவங்கள என்னென்னமோ பேசிருப்பாரு. அவங்க எதுக்கு மேடம் மூணு பஸ் மாறிப்போயி அவரு வூட்டுல பூச்செடி வைக்கணும்?"

"அதத்தான் கேக்கப் போறோம்."

வீரம்மாள் வீட்டு வாசலில் மக்காச்சோளக் கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு. வந்தவர்கள் யாரென்று அனுசுயா சொன்னதும், உதிர்த்த கதிரை முறத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான் வச்சேன். கேக்காம உள்ள போனது தப்புதான். பின்கதவு தாழ் போடாம கெடந்துச்சு, போயிட்டேன். போலீஸ்ல குடுக்கிறதுன்னா குடுக்கட்டும். இன்னும் மூணு செடி பாக்கி இருக்கு, மேடம். அத மட்டும் வச்சிட்டு வந்துடறேன்னு சொல்லுங்க."

"நோட்டைக் காட்டுறீங்களா?"

அவள் தயங்கினாள். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டுச் சுருங்கியிருந்தது.

நடுப்பக்கத்தில் நீளமாக ஒரு பெட்டி. அதற்குள் கலர் பென்சிலால் எட்டு வட்டங்கள். மேலே 'அம்மா ஜன்னல்' என்று தலைப்பு. வட்டங்களுக்குக் கீழே பூங்காவனத்தின் கோணல் எழுத்தில் செடிகளின் பெயர். பெட்டிக்குக் குறுக்கே பென்சில் கோடுகள். மேற்கே ஒரு கோடு, அதன் தலையில் 8. நடுவே ஒன்று, 12. கிழக்குக் கோடியில் 4 என்று எழுதி, கோட்டைப் பாதிவரை இழுத்திருந்தது. மீதிப் பாதி இல்லை.

பக்கத்தின் மூலையில் கிழமையும் தேதியும் அழகாக எழுதியிருந்தது. குழந்தை இறந்த தேதி.

"எட்டு மணிக் கோடு போடறப்ப யாரு கூட இருந்தா?" அனுசுயா மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான். கேட்டைத் தொறந்து வுட்டு, பக்கத்துலயே நின்னேன்."

"பன்னெண்டுக்கு?"

"அப்பவும் நான்தான். முடிஞ்சதும் பூட்டி, சாவிய சமையக்கட்டு ஆணியில மாட்டுனேன். நாலு மணிக்கும் தொறந்து வுடு அத்தேன்னு கேட்டுச்சு. நான் ஒரு மணி பஸ்ஸுக்குப் போவணும், நாளைக்குப் பாத்துக்கலாம் தங்கம்னு சொன்னேன்."

"ஆணி எவ்வளவு ஒசரம்?"

வீரம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு, "நானே எக்கித்தான் எடுக்கணும்," என்றாள்.

செல்வன் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மணிக்கு கேட்டு தொறந்து கெடந்து, அதுல போயிருந்தா... நாலு மணி நிழல அந்தப் புள்ள எப்படி வரைஞ்சிச்சு?"

"பேசாதீங்க அண்ணே." வீரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அதுக்கு மேல பேசாதீங்க."

நாலு மணிக்குக் குழந்தை உயிரோடு இருந்திருக்கிறாள். சாவியை யாரோ அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவள் ஒருத்திதான்.

"இந்த நோட்டு உங்களுக்கு எப்பக் கெடைச்சுது?"

"சேதி கேட்டு அன்னைக்கு சாயங்காலமே ஓடியாந்தேன். பாத்தியோரம் கெடந்துச்சு, எடுத்தேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா இது படிக்கத் தெரிஞ்சிது. அதுக்குள்ள அய்யா என்னயப் பாத்துட்டாரு. எல்லாரு முன்னாடியும், எம் புள்ளையக் கொன்னுட்டியேடின்னு... வெளிய தள்ளி கேட்டைச் சாத்திட்டாங்க."

"அப்பவே காட்டியிருந்தா உங்க பேரு கெட்டிருக்காதே?"

"காட்டியிருந்தா அந்தம்மா அன்னைக்கே உசுர வுட்டிருக்கும். ஒரு வூட்டுல ஒரே நாள்ல ரெண்டு போவணுமா?" வீரம்மாள் முந்தானையால் நோட்டின் அட்டையைத் துடைத்தாள். "எனக்கு அரியலூர்ல யாரும் வேலை குடுக்கல. எம் பொண்ணுக்கு நிச்சயம் பண்றேன்னு வந்தவங்க, அந்தப் புள்ளையச் சாவக் குடுத்தவ மகளான்னு எழுந்து போயிட்டாங்க. போவட்டும். எம் பொண்ணு என் கண்ணு முன்னாடி நிக்கிறா மேடம். அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?"

அனுசுயா நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"செடி வச்சது நீங்கன்னு நான் சொல்லியாகணும். அதுக்குத்தான் என்னைய கூப்புட்டாங்க. இந்த நோட்டப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

---

சாயங்காலம் கலையரசன் ஹாலில் காத்திருந்தார். பூங்குழலி உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செடி வச்சது வீரம்மாள்," என்றாள் அனுசுயா. "உங்க பொண்ணு போட்டு வச்சிருந்த படத்துப்படி, அவ கேட்ட செடிங்களத்தான் வச்சிருக்காங்க. கேலி பண்றதுக்கு இல்ல சார்."

கலையரசன் வேகமாக எழுந்தார். "அவளா! கொன்னதும் இல்லாம எம் வூட்டுக்குள்ளயே பூந்திருக்காளா? இன்னைக்கே ஸ்டேஷன்ல..."

"மேடம்." பூங்குழலியின் குரல் மெல்லியதாக வந்தது. "அவங்க வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைங்க."

"என்னயப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. இன்னும் மூணு செடி இருக்கு, அத வச்சிடறேன்னு மட்டும் கேட்டாங்க."

பூங்குழலி அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "இப்பவும் சொல்லலையா?" என்றாள்.

கலையரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லல?"

ஈர மண்ணையும் துரு உதிர்ந்த தாழ்ப்பாளையும் பார்த்தபோதே அனுசுயாவுக்குப் பாதி தெரிந்துவிட்டது. புரட்டாசி பிறந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணீர் விடாமல் அந்தச் செடிகள் இரண்டு நாள்கூட நின்றிருக்காது. கையில் செடியோடு மதிலேறிக் குதித்தால் ஒரு கிளையாவது ஒடிந்திருக்கும். நட்டது ஒருத்தி. கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் விட்டது இன்னொருத்தி. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் துப்பறிகிறவள் அல்ல.

"பின்கதவத் தொறந்து வச்சது நான்," என்றாள் பூங்குழலி. "தண்ணி ஊத்துனதும் நான்தான். மொத புதன்கிழமை ஜன்னல்லேருந்து பாத்தேன். வீரம்மா செவுத்துக்கு அந்தாண்ட செடியோட நின்னுக்கிட்டு, உள்ள வர வழி தெரியாமத் திரும்பிப் போனாங்க. அடுத்த வாரம் தாழ்ப்பாள எடுத்து வச்சேன். யாருன்னு கண்டுபிடிக்க ஆளக் கூப்புடுங்கன்னு உங்ககிட்ட ஏன் சொன்னேன் தெரியுமா? யாராவது கண்டுபிடிச்சி எம் மூஞ்சியில கேக்கட்டும்னுதான். எனக்கா வாய் வரலீங்க."

"என்னடி சொல்ற?"

"கேட்டு பூட்டித்தான் இருந்துச்சு. வீரம்மா பூட்டிட்டுத்தான் போனாங்க. நாலு மணிக்குப் பாப்பா வந்து எழுப்புனா. அம்மா, சாவி வேணும், நாலு மணி நிழல் பாக்கணும்னா. தல வெடிக்குது, மாத்திரை போட்டிருக்கேன்... எந்திரிச்சுப் போயி சாவிய எடுத்து அவ கையில குடுத்துட்டு, சீக்கிரம் வந்துடுன்னு சொல்லிட்டு... படுத்துட்டேன்."

கலையரசன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்ததும் வீரம்மா பேரைத்தான் சொன்னீங்க. நான் சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

கலையரசன் கையை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. பின்பக்கம் நடந்து போனார். குளத்தங்கரையில் இருட்டும்வரை நின்றார். திரும்பி வந்து மனைவியின் எதிரில் நின்றார்.

"அந்தம்மாவ நான் தெருவுல வச்சிப் பேசுனேன். நீ பக்கத்துலயே நின்ன."

"ஆமா."

"எட்டு மாசம்."

"ஆமாங்க."

அவர் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அனுசுயா பூங்குழலியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பூங்குழலியின் அண்ணன் வேப்பந்தட்டையிலிருந்து வந்து சேரும்வரை அவளைத் தனியே விடவில்லை.

பெரம்பலூரில் வேனை நிறுத்திய பிறகுதான் செல்வன் வாயைத் திறந்தார்.

"இந்த வேலையில உண்மையக் கண்டுபிடிச்சா ஒரு திருப்தி இருக்கும்பீங்களே மேடம்."

"எல்லா நாளும் இருக்காது, செல்வன்."

---

மறுநாள் காலையில் பூங்குழலியே போன் செய்தாள். துணைக்கு வரும்படி கேட்டாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கலையரசனின் கார் ஏற்கெனவே வீரம்மாளின் தெருமுனையில் நின்றிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். மனைவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆனாலும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச் சட்டியோடு வேனுக்காகக் காத்திருந்தார்கள். பூங்குழலி கூச்சப்படவில்லை. தெருவின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வீரம்மா மேல ஒரு தப்பும் இல்ல. சாவிய எடுத்து எம் புள்ள கையில குடுத்தது நான். அவளப் பெத்த தாய் நான். இத்தன நாளும் வாயத் தொறக்காம இருந்தது நான்தான். இனிமே யாரும் அவங்கள ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

தெரு அப்படியே நின்றுவிட்டது. இடுப்பில் குடத்தோடு நின்ற ஒருத்தி அதைக் கீழே இறக்கி வைத்தாள்.

வீரம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். "எதுக்கு இதச் சொன்னீங்க?" கோபமாகவே கேட்டாள். "நான் கேட்டனா? நான் யாருகிட்டயாவது வாயத் தொறந்தனா?"

"நீங்க தொறக்கலங்க. அதனாலதான் என்னால தாங்க முடியல."

வீரம்மாளின் உதடு கோணியது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். மெல்ல ஆரம்பித்த அழுகை, மார்பில் அறைந்து ஒப்பாரியாகப் பெருகியது. தங்கமே என்றாள், என் செல்லமே என்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அழவிடாமல் கேட்டைச் சாத்தி வெளியே நிறுத்திய அழுகை அது. பூங்குழலி அவள் மடியில் விழுந்தாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் பெண்கள் அழுவது போலவே அழுதார்கள். குழாயடிப் பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கலையரசன் காரிலிருந்து இறங்கி வந்தார். வாசலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்பது தெரிந்தது. வீரம்மாள்தான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அய்யா, பாப்பாவ எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க? எனக்கு யாரும் சொல்லல."

அவர் காருக்குத் திரும்பிப் போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா," என்றார். "நான் கூட்டிட்டுப் போறேன்."